கதவைத் திறந்தவள்

அல்மாசா எதையும் முதலில் பென்சிலால் எழுதிப் பார்த்து, பின்னரே பேனாவைத் தொடுபவள். சராயேவோவின் தபால் நிலையமொன்றில் பதிவுத் தபால் சன்னலுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருப்பவள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கதவின் தாழை மும்முறை இழுத்துப் பார்ப்பாள்; படியிறங்கிய பிறகு திரும்பி வந்து நான்காம் முறை இழுப்பதும் உண்டு. மணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் போரில் நகர் முற்றுகையில் கிடந்த காலத்தில் வாழ்ந்த அதே மூன்றாம் மாடி வீட்டில், நாற்பத்து நான்கு வயதிலும் தாய் ஷெஃபிகாவுடனேயே இருந்தாள்.

அந்தப் பிப்ரவரிக் காலையில் அவள் தாயின் உதடுகளைக் கரண்டித் தண்ணீரால் நனைத்துக்கொண்டிருந்தாள். இரவைத் தாண்டுவது அரிது என்று மருத்துவர் சொல்லிப் போயிருந்தார். இரவு தாண்டியிருந்தது.

"சாவும் அந்தக் காலத்துத் தண்ணி லாரி மாதிரிதான்டா," என்றாள் ஷெஃபிகா. "வருது, வருதுன்னு சொல்லுவாங்க. வராது."

பக்கத்து வீட்டுச் சும்ரா மாமி கட்டிலின் மறுபுறம் அமர்ந்திருந்தாள். சாகக் கிடப்பவரிடம் தன் பிழையைச் சொல்லி, 'ஹலால் பண்ணிடு' என்று பொறுத்தருளக் கேட்பது அவ்வூர் வழக்கம். அவரும் அவ்வாறே கேட்பார். பாக்கியாக எதையும் வைத்துக்கொண்டு பிரியலாகாது.

"ஷெஃபிகா, அந்தப் போர்ல உங்க பால்கனியிலேருந்து ரெண்டு பலகை எடுத்தேன். அடுப்புக்கு. ஹலால் பண்ணிடு."

"தெரியும்டி. உன் புகைபோக்கியில என் அலமாரி வார்னிஷ் நாத்தம்ல வந்துச்சு. ஹலால்தான், போ."

சும்ரா மாமி சிரித்தாள். பிறகு முக்காட்டு முனையால் கண்களை அழுத்திக்கொண்டாள். எழுந்தவள் அல்மாசாவின் தோளைத் தொட்டு, "நீயும் கேட்டுடு மகளே. பெத்தவகிட்ட கேக்க என்ன கூச்சம்?" என்று சொல்லிவிட்டுக் காப்பி வைக்கச் சென்றாள்.

அல்மாசா வாயைத் திறந்தாள்.

ஷெஃபிகா முந்திக்கொண்டாள். "எழுதிட்டியா?"

ஆறு ஆண்டுகளாக அவள் கேட்டுவரும் கேள்வி அது. போரில் குழந்தைகளாக இருந்தவர்களின் பொருள்களைச் சேர்த்து வைக்கும் அருங்காட்சியகம் ஒன்று நகரில் இருந்தது. இறந்த மகன் நெர்மினின் பனிச்சறுக்கு வண்டியில் எஞ்சிய ஒற்றைச் சட்டத்தைச் செய்தித்தாளில் சுற்றி அங்கே கொண்டு சென்றவள் ஷெஃபிகா. வண்டியின் மற்றப் பலகைகள், அவன் இறந்த அதே குளிர்காலத்தில், மூன்று வேளைக் கஞ்சிக்கு எரிந்துபோயின. அருங்காட்சியகத்தார் சட்டத்தை மரியாதையுடன் வாங்கி, எண்ணிட்டுப் பெட்டியில் வைத்தார்கள். ஆயினும் அவர்களிடம் ஒரு விதி இருந்தது: அன்று குழந்தையாக இருந்தவரே பொருளின் கதையைச் சொல்லவேண்டும், பெற்றோர் சொல்வது ஏற்கப்படாது. குறிப்பு இல்லாத பொருள் காட்சிக்கு வாராது. நெர்மினுக்கு ஓர் அக்காள் இருந்தாள். ஆகவே தாள் அல்மாசாவின் கைக்கு வந்தது.

"எழுதிட்டேன்மா."

"படி."

அல்மாசா இழுப்பறையிலிருந்து தாளை எடுத்தாள். அது வெறுந்தாள். அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, படிப்பவள் போலச் சொன்னாள்: "என் தம்பி நெர்மினுக்கு அப்போது ஏழு வயது. அன்று பனி பெய்து ஓய்ந்திருந்தது. யாருக்கும் தெரியாமல் அவன் கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு..."

"அவனுக்குத் தாழ் எட்டாது," என்றாள் ஷெஃபிகா.

சமையலறையில் மாமி காப்பிக்கொட்டை அரைக்கும் ஓசை நின்றது, பின் தொடர்ந்தது.

"நான் திறந்துவிட்டேன்னு எழுது," என்றாள் தாய். "நச்சரிச்சான், பொறுக்க முடியல, விட்டேன்னு எழுது."

"நீ வீட்டுல இல்லையேம்மா. தண்ணி வரிசையில நின்னுட்டிருந்தே."

"இருந்தேன். எழுதுடா."

அன்று பன்னிரண்டு வயது அல்மாசாவிடம் ஒரு நாவல் இருந்தது; நாலைந்து பக்கங்களே பாக்கி. மறுநாள் திருப்பிக் கொடுக்கவேண்டும். சன்னலில் வெளிச்சமும் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. தம்பி வண்டியைத் தரையில் தட்டித் தட்டி அழுதான். அவள் எழுந்து, எட்டித் தாழை நீக்கி, "அரை மணிதான்" என்று சொல்லிவிட்டுச் சன்னலடிக்குத் திரும்பினாள். முற்றத்தில் குண்டு விழுந்தபோது கடைசிப் பக்கத்தில் இருந்தாள். அதன் பிறகு எந்த நாவலையும் அவள் படித்ததில்லை.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தாய் ஒரு சொல் கேட்கவில்லை. தாழ் எட்டாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா," என்றாள் அல்மாசா.

ஷெஃபிகா கண்களை மூடியிருந்தாள். மாமி காப்பியுடன் வந்து, தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் நாசிக்கருகே புறங்கையை நீட்டிப் பார்த்தாள். நெடுநேரம் நீட்டியே வைத்திருந்தாள். பிறகு எழுந்து, சன்னலைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம். அல்மாசா பெண்களோடு மயான வேலியோரம் நின்றாள். இமாம் கூட்டத்தை நோக்கி மும்முறை கேட்டார்: "இவருக்கு ஹலால் செய்கிறீர்களா?" ஆண்கள் மும்முறை, "செய்கிறோம்" என்றனர். உயிரோடிருப்பவர் இறந்தவரைப் பொறுத்துக்கொள்ளும் கேள்வி அது. இறந்தவர் உயிரோடிருப்பவரைப் பொறுத்துக்கொண்டாரா என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

மாலையில், அருங்காட்சியகத்திலிருந்து செல்மிரா என்ற இளம்பெண், துக்க வீட்டு வழக்கப்படி காப்பிப் பொட்டலமும் சர்க்கரைக் கட்டியும் கொண்டு வந்தாள்.

"உங்கம்மா மாசா மாசம் வருவாங்க அக்கா. அலமாரி அலமாரியாப் பாத்துட்டு, எங்களை ஒரு பிடி பிடிப்பாங்க. 'வாசல்ல சமாதானம், சமாதானம்னு எழுதி வச்சிருக்கீங்க, உள்ள பாத்தா அலமாரிதான் நீண்டுகிட்டே போகுது'ன்னு."

"நீளுதா?"

செல்மிரா தலையைக் குனிந்துகொண்டாள். "போன வாரம் இன்னொரு போர்லேருந்து நாப்பது பெட்டி. இப்ப நடக்குற போர். அந்தப் பிள்ளைங்களுக்கு இன்னும் எழுதவே வரல, சொல்லச் சொல்ல நாங்க எழுதிக்கிறோம். பக்கத்துக் கட்டடத்தையும் கேட்டிருக்கோம்."

அல்மாசா இரு கோப்பைகளில் காப்பியை ஊற்றினாள்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டம்னா எழுத வேணாம். உங்கம்மா போன மாசம் ஒரு தாள் குடுத்துட்டுப் போனாங்க. கதவைத் திறந்து விட்டது தான்தான்னு. விதிப்படி அம்மாக்கள் எழுதினது கூடாது. ஆனா இந்த ஒண்ணை வச்சுக்கலாம்னு எங்க மேடம் சொல்றாங்க."

பக்கத்து அறையில் பெண்கள் ஓதத் தொடங்கினர். அல்மாசா காப்பிக் கோப்பையைத் தட்டின் நடுவில் சரியாக வைத்தாள்.

"அதை வைக்காதீங்க."

"எழுதிட்டா மனசு லேசாகும்னு நிறையப் பேரு சொல்லியிருக்காங்க அக்கா."

"எனக்கு ஆகாது," என்றாள் அல்மாசா. "கதவைத் திறந்துவிட்டது நான். அப்படியே எழுதி, நாளைக்கு நானே கொண்டு வர்றேன்."