ஒரு நாள் நேர்ச்சை

துண்டை மாரப்பனின் தாடைக்குக் கீழே கொடுத்து, காதுகளை மூடி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் சகாயமேரி. பயணத்தில் காற்றுக்குக் கட்டியதுபோல இருந்தது. இந்த வெயிலில் எந்தக் காற்று என்று கேட்க வண்டிக்குப் பக்கத்தில் ஆளில்லை. மகனும் மருமகளும் மெழுகுவத்தி ஏற்றக் கோவிலுக்குள் போயிருந்தார்கள்.

அவள் ஆஸ்பத்திரி வார்டில் ஆயா வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாடையை எப்போது கட்ட வேண்டும், கண்ணை எப்படி மூட வேண்டும் என்பதெல்லாம் கைக்கே தெரியும். ஆனாலும் மூக்கருகே புறங்கையை வைத்து இரண்டாம் முறையும் பார்த்தாள். முதல் தடவை பார்த்தது வார்டு ஆயா; இரண்டாவது, பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது.

இதயம் இனி தாங்காது, ஆசைப்பட்ட இடத்துக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் கையை விரித்தபோது மாரப்பன் ஆசைப்பட்டது பாண்டிச்சேரிக்கு. குடிகாரர்கள் ஆசைப்படுகிற ஊர்தான். அவரும் ஒரு காலத்தில் பாப்பாரப்பட்டி புளி மண்டியில் மூட்டை தூக்கிவிட்டு நேராகக் கடைக்குப் போவார்; அங்கிருந்து அவரை யாராவது வீட்டுக்குத் தூக்கி வருவார்கள். மகன் இளம்பரிதி பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம், இந்தப் பெரிய மாதா கோவிலில் மண்டியிட்டு, ஒரு வருசம் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டார். ஆயுள் முழுக்க என்று நேர்ந்துகொள்ள அவருக்குத் தன்மேல் நம்பிக்கை இல்லை. அதனால் லைசென்ஸ் புதுப்பிப்பதுபோல வருடா வருடம் வந்து புதுப்பித்துக்கொண்டார்.

புதுப்பித்த கையோடு தலையைக் குனிந்தபடி நடந்து பஸ் ஏறிவிடுவார். தெருவுக்குத் தெரு சாராயக் கடை இருக்கிற ஊரில் நிமிர்ந்து பார்ப்பது ஆபத்து. கடல் நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. இத்தனை வருடம் வந்தும் சகாயமேரி அதைப் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. கேட்டு, அவர் நிமிர்ந்துவிட்டால் என்ன செய்வது?

இந்த வருடம் படியேற முடியவில்லை. சற்று முன்புதான் வண்டியில் சாய்ந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"தாயே, இந்தவாட்டி வருசமெல்லாம் வேணாம். இன்னிக்கி ஒரு நாளு. இன்னிக்கி ஒரு நாளு தொடமாட்டேன். எழுதிக்க."

சகாயமேரி சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எழுதி எழுதி அந்தம்மாவுக்கே கை வலிக்குங்க."

"மேரி, கடலுக்குப் போலாமா? பையங்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன். இனிமே கடை என்னை இன்னா பண்ணிரும்?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏதாச்சும் ஆச்சுன்னா இங்க எங்கயும் வுட்றாத. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

"பேசாம இருங்க."

பேசாமல் இருந்துவிட்டார்.

வெளியூரில் போனவர்களை வார்டில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பிணவறை, போலீஸ் காகிதம், தையல் போட்ட உடம்பு. அதற்கெல்லாம் இவரைக் கொடுக்க முடியாது. மருமகள் ஜாஸ்மினுக்கு ஐந்தாம் மாதம், தெரிந்தால் தாங்கமாட்டாள். மகனுக்குத் தெரிந்தால் வண்டி ஓட்டுகிற கை நடுங்கும். ஊர் போய்ச் சேரும்வரை அழக்கூடாது என்று முடிவு செய்தாள். அழுகை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

ஜாஸ்மின் கையில் பப்ஸ் பொட்டலத்தோடு வந்தாள். "மாமா தூங்கிட்டாரா அத்தை? அவருக்குன்னு சூடா வாங்கியாந்தேன்."

"ராத்திரியெல்லாம் தூங்கலம்மா. எழுப்பாத. நீ சாப்புடு."

கடற்கரைச் சாலையில் வண்டி மெதுவாகப் போனது. கட்டடங்கள் முடிந்த இடத்தில் தண்ணீர் தொடங்கி, வானம் வரைக்கும் போயிற்று. இவ்வளவு பெரியதை இவர் எப்படி நிமிராமல் கடந்து போனார் என்று சகாயமேரிக்குத் தோன்றியது.

"இங்க கல்லாக் கெடக்குதும்மா. மரக்காணம் ரோட்டுல நல்ல எடமாப் பாத்து நிறுத்தறேன், கால் நனைக்கலாம்" என்றான் இளம்பரிதி.

"வேணாம்பா. நேரா வூட்டுக்குப் போயிரலாம். அப்பாவுக்கு அசதியா இருக்குது."

"ஆசையா வந்தீங்களே அத்தை" என்றாள் ஜாஸ்மின்.

"பாத்துட்டேன்ல. போதும்."

நிறுத்தாவிட்டாலும் கடலோரமாகவே போகட்டும் என்று இளம்பரிதி மரக்காணம் ரோட்டையே பிடித்தான். நல்ல பிள்ளை. ஆனால் வேகத்தடை மட்டும் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொன்றிலும் வண்டி எகிறிக் குதிக்க, "மெதுவாப் போடா" என்று மாரப்பன் வழக்கமாகத் திட்டுவார். இன்று வண்டி குதிக்கும்போதெல்லாம் சகாயமேரி இரண்டு கையாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். திட்டு வராததை மகன் கவனித்துவிடுவானோ என்று பயந்தாள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஒரு போலீஸ்காரர் பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பையைத் துழாவினார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாட்டில் எதாவது இருக்கா?"

"இல்லிங்க சார். கோவிலுக்குப் போயிட்டு வரோம்" என்றான் இளம்பரிதி.

"இவருக்கு என்ன? பெரியவரே, எழுந்திருங்க." அவர் கை மாரப்பனின் தோளுக்கு நீண்டது.

சகாயமேரி மாரப்பனின் தலையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆம்புலன்சைக் கூப்பிடுவார்கள். தூங்குகிறார் என்றால் எழுப்புவார்கள். எழுப்பாமல் விடுகிற சொல் ஒன்றே ஒன்றுதான் இந்த எல்லையில் உண்டு.

"குடிச்சிருக்காருங்க சார்" என்றாள். "கொஞ்சம் அதிகமாயிருச்சு. எழுப்பினா சத்தம் போடுவாருங்க."

போலீஸ்காரர் கையை இழுத்துக்கொண்டு, இல்லாத வாடைக்கு மூக்கைச் சுளித்தார். "கோவிலுக்கு வந்து இதுவா? இந்த வயசுல திருந்த மாட்டாங்கம்மா. போங்க."

வண்டி நகர்ந்ததும் ஜாஸ்மின் சிரித்தாள். "சீக்கிரம் வுடணும்னு மாமாவையே குடிகாரர் ஆக்கிட்டீங்களே அத்தை. எழுந்தா இருக்குது உங்களுக்கு."

இளம்பரிதி சிரிக்கவில்லை. குடித்துக் கிடந்த அப்பாவைக் காய்ச்சல் என்று ஊருக்குப் பொய் சொன்ன அம்மாவை அவனுக்குத் தெரியும். குடிக்காத அப்பாவைக் குடித்தார் என்று சொல்கிற அம்மாவைத் தெரியாது. கண்ணாடியில் அவளைப் பார்த்தான். தாடைக்கட்டைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். சகாயமேரி மெல்லத் தலையசைத்தாள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் நடுங்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் சவுக்குத் தோப்பு விலகி, மணலும் கடலும் தெரிந்த இடத்தில் அவனாகவே வண்டியை நிறுத்தினான். ஜாஸ்மின் செருப்பைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனாள். இளம்பரிதி பின்பக்கம் வந்து, அம்மா இறங்க, அவள் இடத்தில் உட்கார்ந்து, அப்பாவின் தலைக்குத் தன் தோளைக் கொடுத்தான்.

"கால நனைச்சிட்டு வாம்மா. அப்பாகிட்ட நான் இருக்கறேன்."

"வேணாண்டா. நேரமாவுது."

"அவருதான கடலுக்குப் போலாம்னாரு. போயிட்டு வா."

மணல் சுட்டது. அலை வந்து முழங்கால்வரை ஏறியபோது சகாயமேரி பயந்துபோய் மருமகளின் கையைப் பிடித்தாள். அடுத்த அலைக்கு விட்டுவிட்டாள். தண்ணீர் காலடி மணலை உருவிக்கொண்டு போனது, சின்னப் பிள்ளைக்குப் போல அவளுக்குக் கூசியது. கணவன் செத்த அன்றைக்கு இது சந்தோஷம்தானா என்று கூச்சமாக இருந்தது. சந்தோஷம்தான். அவர் கொடுத்துவிட்டுப் போனது.

"தாயே, அவரு கேட்ட ஒரு நாளை ஒழுங்கா முடிச்சிட்டாரு" என்று முணுமுணுத்தாள். "அங்க சொன்ன பொய் என்னுது. என் பேர்ல எழுதிக்க."

திரும்பி வந்தவள், வண்டிக்குள் குனிந்து மாரப்பனின் செருப்பைக் கழற்றினாள். சேலை விளிம்பைப் பிழிந்து, அவர் பாதம் இரண்டிலும் கடல் தண்ணீரை விட்டாள். இளம்பரிதி அதைத் துடைக்கவில்லை. தோளை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் போய் வண்டியை எடுத்தான்.

மரக்காணத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. அவன் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி, முன்சக்கரத்தை மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினான்.