மஞ்சள் விளக்கு

முரசுமோட்டைக்கு வெளியே புதிதாகப் போட்ட பந்தயத் திடலில், வேகக் காரோடு வந்திறங்கிய ஒப்பந்தகாரர் கொலின்ஸ், மனைவியின் தம்பி ஸ்ரனிஸ்லசுக்கும் கூடிநின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாக அறிவித்தார்.

“சறுக்கினா கார் தானே பிரேக் பிடிச்சு நேராக்குமாம். அதெல்லாம் பழகாத ஆக்களுக்கு. நான் நிப்பாட்டிப்போட்டுத்தான் ஓடுறனான்.”

எல்லோரும் பார்க்க அதற்கான பொத்தானை அழுத்தி நிறுத்தினார். முதல் வளைவிலேயே கார் ஒரு முழு வட்டம் சுழன்றது. முந்தின நாள் அவருடைய நெல்லைத்தான் அந்த வளைவில் காயப்போட்டிருந்தார்கள். கூட்டி அள்ளியும் மணிகள் மிச்சமிருந்தன. கொலின்ஸ் பொத்தானை மறுபடி அழுத்தி அதைப் போட்டுக்கொண்டார். பிறகு ஓடிய மூன்று சுற்றும் அழகாக அமைந்தன. வளைவுக்கு வளைவு, கார் தானே பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்குக்கு முன்னால் மஞ்சள் விளக்கு மினுங்கி, உண்மையில் யார் ஓட்டுவது என்பதை அவருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் இறங்கியதும் ஸ்ரனிஸ்லஸ் ஏறிவிட்டான்.

“அத்தான், நானும் உங்களைப்போல நிப்பாட்டிப்போட்டுத்தான் ஓடப்போறன்.”

கொலின்ஸ் கூட்டத்தைப் பார்த்தார். இவனுடைய அக்காவின் முகமும் நினைவில் வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாதை. நானும் அதைப் போட்டுத்தான் ஓடினனான்.”

“முழுக்கவோ?”

“முதல் வளைவைத் தவிர.”

ஸ்ரனிஸ்லஸ் விரலை எடுத்துக்கொண்டான். “அந்த வளைவுதான் திறம் எண்டு சனம் கதைக்குது அத்தான். வேணுமெண்டே சுத்திக் காட்டினியளாம்.”

கொலின்ஸ் மறுக்க வாயெடுத்தார். ஒரு நாளைக்கு ஓர் உண்மை போதும் என்று விட்டுவிட்டார்.