அக்கா திருத்திய தாள்கள்

நுழைவுத்தேர்வுக்கு இன்னும் அறுபத்திரண்டு மணி நேரம் இருந்தது. தங்கை கடைசி மாதிரித் தேர்வை எழுதி முடித்து, விடைத்தாளை அக்காவின் மடியில் போட்டாள்.

"சீக்கிரம் திருத்துக்கா. உங்க லேப் மாதிரி நாளைக்கு வான்னு சொல்லிடாதே."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு மாதமாக அவள்தான் திருத்துகிறாள். முதல் தாளின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தங்கை நாள் முழுக்கச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தாளைக் கொஞ்சம் இளக்கமாகத் திருத்தினாள். தங்கையின் முகம் தெளிந்தது. அதன்பிறகு நிறுத்தத் தைரியம் வரவில்லை. அன்றே நேர்மையாக இருந்திருந்தால் இன்னும் நாலு நாள் அழுகையோடு போயிருக்கும்.

இன்றைய தாளில் ஒரு விடை வட்டம்கூடக் காலியாக இல்லை.

"தெரியாததை விட்டுடுன்னு சொன்னேனேடி?"

"எதுக்கு விடணும்? குருட்டாம்போக்குல அடிச்சாலும் எனக்கு மார்க் ஏறுதே! ஞாயித்துக்கிழமையும் இப்படியே எல்லாத்தையும் அடைச்சுட்டு வந்துடுவேன். நான் ராசிக்காரிக்கா."

அக்கா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

"கொஞ்சம் உக்காரு."

"ஏன், கம்மியா?"

"தப்பான விடைக்கு மார்க்கைக் குறைப்பாங்க இல்ல? ரெண்டாவது தாள்லேர்ந்து நான் அதைக் குறைக்கவே இல்லடி."