ஹவிஸுக்கு ஆறாவது கை

1

தூக்குமரம் ஒன்றை நட்டுவிட்டுத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். மத்தியகால இங்கிலாந்து, குற்றம், தண்டனை என்று சொல்லிவிட்டுத் தூக்குமரத்தைக் காட்டாவிட்டால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்களே என்ற பயம். கூடவே கொஞ்சம் சங்கிலி, ஈரச் சுவர், பாதாளச் சிறை. எல்லாம் தயார். ஆனால் எங்கள் ஆல்டர்விக் ஊரின் பழைய வழக்குகளை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் காணாமற்போன கோழியும் தண்ணீர் கலந்த பியரும் வேலி தாண்டிய பன்றியும்தான் அகப்பட்டன. மரத்தைப் பிடுங்கிப் போட்டேன். அது நின்ற இடத்தில் இப்போது நிற்பவள் ஹவிஸ்.

2

இலையுதிர்காலப் பொன்னொளியில், ஹவிஸ் என்னும் அழகிய இளம் விதவை கண்ணீர் மல்க—

இல்லை. (விதவை என்பது மட்டும் சரி. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. முன்பல் இரண்டு இல்லை. அழுதுகொண்டே காய்ச்சினால் பியர் புளித்துப்போகும் என்பது அவள் கட்சி.)

வீட்டில் பியர் காய்ச்சி விற்றுப் பிழைப்பவள். ஊரில் அவள் வாயில் விழாத ஆள் கிடையாது. ஊரதிகாரி ஃபுல்க் புது மேலங்கி போட்டுக்கொண்டு சந்தைக்குள் வந்தபோது கூட்டம் தானாக வழிவிட்டது. உள்பக்கம் முழுக்க அணில் தோல் என்று அவரே இரண்டு தரம் சொன்னார்.

"அணிலா?" என்றாள் ஹவிஸ். "அந்த வால நான் பாத்திருக்கேனே. எங்க வீட்டு மாவு மூட்டைக்குள்ள இருந்துச்சு."

மறுநாள் வேலியில் காயப்போட்ட மேலங்கியைக் காணோம். ஹவிஸ் மேல் வழக்கு. புகார் கொடுத்தவர் ஃபுல்க். விசாரிக்க நாற்காலியில் உட்காரப் போகிறவரும் ஃபுல்க். அதில் கோணல் இருப்பதாக ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் இதுதான்: 'நான் எடுக்கவில்லை' என்று ஹவிஸ் சத்தியம் செய்ய வேண்டும். 'அவள் சத்தியம் சுத்தமானது' என்று அவளை அறிந்த ஆறு பேர் வேதப் புத்தகத்தில் கைவைத்துச் சொல்ல வேண்டும். அந்த ஆறு பேர் எதையும் கண்ணால் பார்த்திருக்கத் தேவையில்லை. அவள் வார்த்தையை நம்பினால் போதும். ஒரு கை குறைந்தாலும் அவள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும், திரும்பி வராமல்.

(வார்த்தையை மட்டும் நம்புங்கள் என்று கேட்டுத்தான் நானும் பிழைக்கிறேன். என்னிடம் யாரும் ஆறு பேரைக் கூட்டி வரச் சொன்னதில்லை.)

3

ஊரையே திட்டியவளுக்கு ஊரில் ஆறு கை எங்கே கிடைக்கும்? இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் திருத்திவிடலாமென்று பார்த்தேன். ரொட்டிக்கடை ஹாமோவின் வாசலில் நிறுத்தி, நயமாக நாலு வார்த்தை எழுதி அவள் வாயில் வைத்தேன். துப்பிவிட்டாள்.

"உன் ரொட்டில மாவவிட மணல்தான் ஜாஸ்தின்னு சந்தையில நின்னு கத்துனது யாரு?" என்றான் ஹாமோ.

"நான்தான்."

"இப்ப எதுக்கு வந்த?"

"எனக்காக நீ சத்தியம் பண்ணணும்."

ஹாமோ மாவுக் கையோடு சிரித்தான். அவன் பெண்டாட்டி சிபில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்க்கா, கேக்க வந்த எடத்துலயாவது ரொட்டி நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிருவ?"

"நல்லால்லியே, எப்படிச் சொல்றது?"

ஹாமோவின் சிரிப்பு நின்றது. கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"நான் வரேன்."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றாள் சிபில்.

"ஊரவிட்டுத் தொரத்தப் போறாங்க, இப்பக்கூட இவ வாயில ஒரு பொய் வரமாட்டேங்குது. இவ சத்தியத்த நம்பாம வேற யாரு சத்தியத்த நம்பறது?"

சிபில் அவனை முறைத்துவிட்டு முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்ப நானும் வந்து தொலையறேன். ஆனா அந்த மணல் விஷயத்த அப்புறம் பேசிக்கறேன்க்கா."

4

மேலங்கி எங்கேதான் போனது? மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்று, பன்றி இழுத்துப் போனது. இரண்டு, எலித்தோல் என்பது தெரிந்து வெட்கத்தில் ஃபுல்க்கே அடுப்பில் போட்டார். மூன்று, ஹவிஸ்தான் எடுத்தாள், இப்போது அதன்மேல்—

மூன்றாவதை எழுதி முடிக்கக் கை வரவில்லை. உண்மை எனக்கும் தெரியாது. பார்க்காமல்தான் நம்புகிறேன்.

5

ஊர்மன்றம் கூடிய நாளன்று ஃபுல்க் இரவல் மேலங்கியில் வந்தார். அது அவருக்கு முழங்கால்வரைதான் எட்டியது. கண்ணியத்தை அதற்குக் கீழேயும் நீட்டிக்கொள்ள முயன்றுகொண்டிருந்தார்.

ஹவிஸ் புத்தகத்தில் கை வைத்தாள். "நான் எடுக்கல. எடுத்திருந்தா ஓரத்தப் பிரிச்சு, எலிதான்னு ஊருக்கே காட்டியிருப்பேன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"முதல் பாதி அதுக்குத்தான்யா."

ஹாமோ சத்தியம் செய்தான், பிறகு சிபில். அடுத்து வந்த மூவரும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே. அவள் எப்போது என்ன சொன்னாள் என்பதைப் பட்டம் வாங்கியவர்கள்போல் சொல்லிவிட்டே கை வைத்தார்கள். ஐந்து கை ஆயிற்று.

ஆறாவது, தோல் பதனிடும் ஓஸ்பெர்ட். இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டு தரமும் ஃபுல்க்கின் முகத்தைக் கண்டதும், தொட்டியில் ஊறும் தோல் ஞாபகம் வந்ததாகச் சொல்லிப் போய்விட்டான்.

"ஆறாவது கை எங்க?" என்றார் ஃபுல்க், ஏறக்குறைய அன்பாக. "இருட்டுறதுக்குள்ள வரலன்னா சத்தியம் உடைஞ்சதுன்னு எழுதிருவேன்."

6

ஆறாவது கையாக நானே போயிருப்பேன். ஆனால் இதுவரை எத்தனை பொய்யை எழுதி, அடித்துத் திருத்தினேன் என்று பார்த்துக்கொண்டுதானே வந்தீர்கள். என் சத்தியம் எந்த மன்றத்திலும் செல்லாது. வேறு ஒருவனைப் புதிதாகப் படைத்து அனுப்பலாம். ஆனால் அவளை அறிந்தவராக இருக்க வேண்டுமென்கிறது சட்டம். அவனுக்கோ அவளைத் தெரியாது.

உங்களுக்குத் தெரியும். ஹாமோவின் வாசலில் நீங்களும் இருந்தீர்கள்.

ஹவிஸ் திரும்பிப் பார்க்கிறாள். உங்களிடம் மட்டும் நயமாகப் பேசிவிடுவாள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

"என்ன நிக்கற? ஓசியில கதை கேட்டாச்சுல்ல, இங்க வா."

ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது. சொல்ல வேண்டியது ஒரே வரிதான்: 'ஹவிஸ் செய்த சத்தியம் சுத்தமானது.' நீங்கள் பிரித்து வைத்திருக்கும் புத்தகத்தின்மேல் உங்கள் கை ஏற்கெனவே இருக்கிறது.