இருபது நிமிடத் தண்ணீர்

...போதுமா, இன்னும் ஊற்ற வேண்டுமா, போதும் போதும் என்கிறது தண்ணீரைச் சிக்கனமாய்ச் செலவழித்துப் பழகிய கை, ஊற்று என்கிறது காலையில் கேட்ட பாடம், தங்கசாமி செம்பை மறுபடி டிரம்முக்குள் விட்டு முகந்து மனைவி சுப்புத்தாயின் வலது முன்கையில் மெல்ல வழிய விட்டான், சோறு வடிக்கையில் பானை வழுக்கிக் கொதிகஞ்சி கொட்டிய கை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து கிடக்கிறது, தையல் மிஷினில் துணி தள்ளுகிற கை, புதியம்புத்தூரிலிருந்து தைக்க வந்த பாவாடைக் கட்டு மூலையில் பிரிக்காமல் இருக்கிறது, தோல் சுருங்கி விரல் மடங்காமல் போய்விட்டால்... சீ, என்ன நினைப்பு இது, இத்தனை வருடம் தீயணைப்பு வண்டியில் ஓடியவன், எத்தனை தீப்பெட்டி ஆபீசில் நெருப்பை அணைத்திருப்பான், ஆனால் வெந்தவர்களைத் தூக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதோடு சரி, போகும்வரை என்ன செய்வதென்று இன்றைக்குத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஸ்டேஷன் முற்றத்தில்தான் பயிற்சி, நர்ஸ் ஷைலா வந்திருந்தார், கூட வேலை பார்க்கும் சோலைராஜின் கையில் சிவப்புச் சாயத்தைப் பூசி, இதுதான் வெந்த கை, குழாயடியில் பிடித்துக் காட்டுங்கள் என்றார், தங்கசாமி பிடித்தான், கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அவன் விரல் தன்னால் குழாயைத் திருகி மூடிவிட்டது, யாரும் சிரிக்கவில்லை, அவனுக்கு முன்னால் போனவர்களும் அப்படித்தானே மூடினார்கள், வீட்டுக்குழாயில் எப்போதாவது ஒருநாள் தண்ணீர் வரும், அன்றைக்குக் குடம் குடமாய்ப் பிடித்து வைக்கிற ஊர், சும்மா ஓடுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கு மனசு வரும்? ஷைலாவுக்குத்தான் சிரிப்பு தாங்கவில்லை, நாகர்கோவில் பக்கத்துக்காரர், வாய்க்காலும் குளமுமாக வளர்ந்தவர், அவருக்கென்ன. சிரித்து முடித்துச் சொன்னார், "மேலதான் குளுந்திருக்கு அண்ணாச்சி, உள்ள இன்னும் வெந்துக்கிட்டிருக்கு. இருபது நிமிசம் விடணும்."

உள்ளே வெந்துகொண்டிருக்கிறது... அந்தச் சொல்தான் வீடு வரைக்கும் கூட வந்தது, நல்லவேளை அவன் வந்திருந்தான், சட்டையைக் கழற்றுவதற்குள் அடுக்களையில் சத்தம். வீங்குவதற்கு முன் வளையலைக் கழற்ற வேண்டுமென்று சோப்பைத் தடவி உருவினான், அதற்கு அவள் பட்ட பாடு வெந்ததற்குக்கூடப் படவில்லை, பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள் வெந்த இடத்தில் பூச இட்லி மாவோடு ஓடி வந்தார், வேண்டாம் என்று அவரைத் திருப்பி அனுப்பியாயிற்று, முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார், போகட்டும். "போதும்ங்க, டிரம்மு காலியாயிரும், அடுத்து எப்பம் தண்ணி வருமோ," என்றாள் சுப்புத்தாய், சொல்லிக்கொண்டே வலியிலும் காலால் ஒரு சட்டியைத் தள்ளித் தள்ளி வழிகிற தண்ணீருக்கு நேராக வைக்கிறாள், பாத்திரம் கழுவ ஆகுமாம், இவளை என்ன செய்வது, அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான், முகந்து முகந்து ஊற்றுகிறான், உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குப் பார்க்காமல் ஒருநாளாவது தண்ணீரை இப்படிக் கொட்டியிருக்கிறானா?

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், இருபது நிமிடம் கடந்துவிட்டது. சிவப்புதான், ஒரே ஒரு சின்னக் கொப்புளம், விரலை மடக்கச் சொன்னான், ஐந்தும் மடங்கின, அப்பாடா, இனி வெளுத்த துணியைத் தளர்வாகச் சுற்றி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டால் சரி. "எரியுதாட்டி?" என்று கேட்டான். இப்போது அவ்வளவாக இல்லை என்றாள். செம்பைக் கீழே வைக்கப் போனான்.

"இன்னும் ரெண்டு செம்பு ஊத்துங்க," என்றாள் சுப்புத்தாய்.

ஒரு சொட்டுச் சிந்தினாலே ஏசுகிறவள்... எரிச்சல் குறைந்துவிட்டது என்று இப்போதுதானே சொன்னாள், பிறகு எதற்கு? அவள் கை அவன் கையில் அப்படியே இருந்தது, இழுத்துக்கொள்ளவில்லை, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்தக் கையை இவ்வளவு நேரம் அவன் பிடித்திருக்கிறானா... கேட்டுவிடலாமா? குனிந்து முகந்தான், ஒவ்வொரு செம்பையும் முன்னைவிட மெதுவாக ஊற்றினான்.