இரண்டு இடது பாதங்கள்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு ஜோடி செருப்பு. சிரிக்காதீர்கள். தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டில் ஓர் அங்கன்வாடி வாசலில் நான் கழற்றிவிட்ட செருப்பை, இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு நின்ற நான்கு வயதுப் பெண் என்னைக் கேட்டாள்: "எது எந்தக் காலுன்னு செருப்புக்கு யாரு சொன்னாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்துவிட்டேன். (அந்தக் கேள்வி அவளுடையது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு, பெயர்கள் உட்பட.)

2

முதல் தொடக்கம்: 'தோல் நாற்றம் வீசும் அந்தக் காலையில்...' அடித்துவிட்டேன். அங்கேயே இருப்பவர்களுக்கு அது தெரிவதே இல்லை. வெளியூர் மூக்கு எழுதிய வரி.

இரண்டாவது: 'குழந்தைகளின் கேள்வியிலிருந்து தொடங்கும் கல்வி என்பது...' இதையும் அடித்தேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்!

3

டீச்சர் சோபனா. கேட்டதற்குப் பதில் சொல்லாத டீச்சர். (இப்படி ஒருத்தி இருப்பாளா என்று எனக்கே சந்தேகம்தான்.) குழந்தைக்கு சகீனா என்று பெயர் வைத்தேன். அவள் கேட்டதும் சோபனா, "அட, ஆமால்ல! இன்னா பண்ணிப் பாக்கலாம்?" என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளைகள் பழைய பேப்பரில் பாதத்தை வைத்து வரைந்தார்கள், வெட்டினார்கள். சகீனா வெட்டியது இடது பாதம். கைதவறிக் கீழே விழுந்து புரண்டது. வலது! எல்லாரும் கத்தினார்கள். எழுதிக்கொண்டிருந்த நானும் கத்தினேன்.

மறுநாள் அவள் வீட்டிலிருந்து துண்டுத் தோல் கொண்டுவந்தாள். பேப்பர் பாதத்தை வைத்து இரண்டு முறை கோடு போட்டாள். சோபனா வெட்டிக் கொடுத்தாள். இரண்டுமே இடது. ஒன்றைப் புரட்டினாள். வலது வந்தது, ஆனால் வழுவழுப்பு கீழே போய்ச் சொரசொரப்பு மேலே வந்துவிட்டது.

"காலு சரியாப் போச்சு, தோலு தப்பாப் போச்சு" என்றாள் சகீனா.

இந்த வரிக்காக நான் எழுந்து அறைக்குள் ஒரு சுற்று நடந்தேன்.

4

அம்மா வஜீதா, ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. மகளை இங்கிலீஷ் நர்சரியில் சேர்க்க முடிவு செய்து, கூட்டிப்போக வந்திருக்கிறாள்.

"மத்த பசங்கல்லாம் ஏபிசிடி எழுதுதுங்க. இவ செருப்பு வெட்டினு இருக்கா. நாளைக்கு இவளும் கம்பெனிலதான் நிக்கணுமா டீச்சர்?"

சோபனாவுக்கு ஒரு நல்ல பதில் எழுதினேன். 'வஜீதா, கேள்வி கேட்கிற பிள்ளை...' சோபனாவின் வாயில் அது ஒட்டவே இல்லை. வஜீதாவின் பயம் நியாயமானது. எனக்கும் அது வலித்தது.

5

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. வஜீதா மகளின் கையைப் பிடிக்கிறாள். சகீனா மறு கையால் இரண்டு இடது பாதங்களையும் நீட்டுகிறாள்.

"அம்மி, பேப்பரு திருப்பினா வந்துச்சு. தோலு ஏன் வரல?"

தோல், வஜீதா தினமும் தொடுகிற பொருள். அவள் விரல் தானாகவே பாயில் கிடக்கும் பேப்பர் பாதத்தை நோக்கிப் போகிறது. பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள்.

"சொல்லாத அம்மி! நானே கண்டுபுடிக்கிறேன்!"

வஜீதா வாயை மூடிக்கொள்கிறாள். தோள் பையை இறக்காமலே பாயில் உட்காருகிறாள். "சரி, சீக்கிரம் கண்டுபுடி" என்கிறாள். பஸ் மறுபடியும் ஹாரன் அடிக்கிறது.

6

பஸ் போய்விட்டதா, நாளைக்கு சகீனா எங்கே போவாள், எல்லாவற்றுக்கும் என்னிடம் முடிவு இருக்கிறது. எழுதத்தான் பேனாவை எடுத்தேன். 'மறுநாள் காலை வஜீதா...'

சகீனா தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள்.

சரி, நான் சொல்லவில்லை. நீங்களும் அந்தப் பாயில் கொஞ்சம் உட்காருங்கள்.