ஜுபைலில் இருந்த எலக்ட்ரீஷியன்

குளியலறை ஹீட்டரைப் போட்டால் வீடு முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது. மூன்று நாளாக இதே கதை. வளைகுடாவில், சத்வா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மகள் அக்ஸாவோடு குடியிருந்த நர்ஸ் ரெபேக்காள், எதிர்வீட்டு சப்ரீனாவிடம் சொல்லிப் புலம்பியதில் ஓர் எலக்ட்ரீஷியனின் நம்பர் கிடைத்தது.

"நம்ம தமிழ் ஆளுதான் அக்கா. கூப்பிட்டா உடனே வந்துருவாரு."

அன்று அவளுக்கு டியூட்டி இல்லை. அக்ஸா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பத்தரை மணிக்கு மடக்கு ஏணியோடு ஆள் வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, நரைத்த மீசை. ஹாலில் இருந்த மெயின் பெட்டியைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார்.

"ஹீட்டர்ல லீக்கேஜ் இருக்கு சிஸ்டர். அதான் இந்த சேஃப்டி ஸ்விட்சு விழுது. இதைக் கொஞ்ச நேரம் பைபாஸ் பண்ணிட்டுப் பாத்துடறேன்."

"அப்புறம் ஷாக் அடிச்சா அது விழாதே?"

"மெயினையே ஆஃப் பண்ணிடுவேனே. யாருக்கு அடிக்கப்போகுது?"

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் அவருடைய போன் அடித்தது. "ரவிசங்கர்தான் பேசறேன் பாய். வந்துடறேன், அவசரப்படாதீங்க" என்றார்.

அந்தப் பெயரைக் கேட்டதும் ரெபேக்காள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், நாகர்கோவிலில் நைட் டியூட்டி முடித்து வந்து நின்ற காலையில் இதே குரல், அவள் கணவன் வேலை பார்த்த ஜுபைலில் இருந்து பேசியது. "உங்க ஹஸ்பண்ட் கேக்காம பேனலைத் திறந்துட்டார் சிஸ்டர். அவசரப்பட்டுட்டார்." அவளுடைய ஜான் பீட்டர், கரண்ட் இருந்த அந்த பேனலுக்குள் கை வைத்த இடத்திலேயே போய்விட்டிருந்தான். கம்பெனிக் காகிதத்திலும் அதையேதான் எழுதியிருந்தார்கள். கீழே சூப்பர்வைசர் ரவிசங்கரின் கையெழுத்து.

அடுத்த வருடம் லீவில் வந்த ஆன்றோ அவள் முன்னால் உட்கார்ந்து அழுதான். ஜான் பீட்டரோடு ஒரே சைட்டில் நின்றவன் அவன். "அண்ணன் கேட்டாரு அக்கா, லைன் ஆஃபான்னு. ஆஃபுதான், வேலையப் பாருன்னு அந்தாளு சொன்னான். ஸ்விட்ச் ரூமுக்குப் போயி பாக்கவே இல்ல." இதை எழுதித் தா என்று அவள் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு அங்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது.

ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள். குடித்திருப்பான் என்றுகூட ஒருத்தி சொன்னாள். மாமனார் அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே ஒடுங்கிச் செத்தார். போன வருடம் அக்ஸா, "டாடி கேர்லெஸ்ஸா மம்மி?" என்று கேட்டாள். அன்று ராத்திரி ரெபேக்காள் சாப்பிடவில்லை.

"நீங்க முன்னாடி ஜுபைல்ல இருந்தீங்களா?" என்று இப்போது கேட்டாள். தன் குரல் நடுங்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆமா சிஸ்டர், ஒன்பது வருஷம். கம்பெனியை மூடிட்டான், இங்க வந்துட்டேன். சப்ரீனாம்மா சொன்னாங்களா?"

"ம்."

அவர் மெயினை அணைத்து, அந்த சேஃப்டி ஸ்விட்சைப் பைபாஸ் செய்தார். யாரும் திருப்பிப் போட்டுவிடாதபடி மெயினைப் பூட்டவில்லை, ஒரு டேப்கூட ஒட்டவில்லை. குளியலறையில் ஏணியை விரித்து ஏறி, ஹீட்டரின் மூடியைக் கழற்றினார். கதவு ஹாலைப் பார்த்துத் திறந்திருந்தது. நாலே எட்டு தூரம். ஜன்னல் வெளிச்சத்தில், ஒரு கை ஹீட்டரின் இரும்பிலும் மறுகை மொட்டை வயரிலும் இருந்தது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ரெபேக்காள் போனில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டாள். மெயின் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"லைன் ஆஃபா?" என்றாள்.

"ஆஃபுதான் சிஸ்டர்."

"ஜுபைல்லயும் அப்படித்தான சொன்னீரு?"

அவர் திரும்பிப் பார்த்தார். மெயின் ஸ்விட்சின் அடியில் அவள் விரல் இருந்தது.

"ஜான் பீட்டருக்க பெஞ்சாதி நான். கை ரெண்டும் அங்கேயே இருக்கட்டும். எடுத்தீருன்னா இது மேல போவும். உம்ம கை வேகமா, என் விரல் வேகமான்னு பாக்கணுமா?"

"சிஸ்டர்... விளையாடாதீங்க. பைபாஸ்ல இருக்கு."

"நீருதான பைபாஸ் பண்ணினீரு. சொல்லும். அண்ணைக்கு லைன் ஆஃப்னு அவருட்ட சொன்னது யாரு?"

அவர் முகத்திலிருந்து வியர்வை சொட்டியது. ஏணி கிடுகிடுத்தது. நர்ஸாக எத்தனையோ பேர் பயந்ததைப் பார்த்திருக்கிறாள். எல்லோருடைய கையையும் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறாள். இந்தப் பயத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போலிருந்தது.

"நான்தான்" என்றார். "நான்தான் சொன்னேன். லைனை அணைக்க ஷட்டவுன் பர்மிட் வாங்கணும், அதுக்கு அரை நாள் ஆகும். மேலேயிருந்து ஜல்தி ஜல்தின்னு நெருக்கினாங்க. ஆஃபாத்தான் இருக்கும்னு நெனச்சேன். போய்ப் பாக்கலை."

"அவரு கேட்டாரா, கேக்கலையா?"

"கேட்டார்."

"பெறவு கேக்கலைன்னு எழுதினீரே?"

"எனக்கு வேலை போயிடும், உள்ள தூக்கி வச்சிடுவாங்கன்னு பயந்துட்டேன். விட்டுடுங்க சிஸ்டர். எனக்கு ஒரே பொண்ணு. திருச்சில காலேஜ் படிக்குது. என்னைச் சாமி மாதிரி நெனச்சிட்டிருக்கு."

அதுவரை அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. உண்மை வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். இந்த வார்த்தையைக் கேட்டதும் அது மட்டும் போதாது என்று ஆனது.

"அவ நம்பரைச் சொல்லும்."

"வேண்டாம் சிஸ்டர்!"

"என் மவ கேட்டா, அப்பன் கவனமில்லாதவனான்னு. உம்ம மவளும் ஒண்ணு கேக்கட்டும். சொல்லும்."

விரலை லேசாக அழுத்தினாள். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். பாதியில் நிறுத்தியபோது மீதியையும் சொல்லவைத்தாள். அதன் பிறகே விரலை எடுத்தாள்.

ஏணியிலிருந்து இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டார். "இது கேஸ் ஆகும், தெரியுமா? போலீசுக்குப் போவேன்" என்றார்.

"போம். அங்கயும் மொதல்லேருந்து சொல்லும். நானும் வாறேன்."

அவர் போலீசுக்குப் போகவில்லை; ஏணியை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கதவு சாத்தியதும் அவள் அந்த ரெக்கார்டிங்கை முதலில் ஆன்றோவுக்கு அனுப்பினாள், அடுத்து ஜான் பீட்டரின் தம்பிக்கு. பிறகு அந்தத் திருச்சி நம்பருக்கு. விரல் ஒரு நொடியும் தயங்கவில்லை. சாயங்காலம் வந்த அக்ஸாவை மடியில் இருத்தி, அவர் ஒப்புக்கொண்ட பகுதியை மட்டும் போட்டுக் காட்டினாள். அந்தப் பிள்ளை அப்பாவின் போட்டோவை எடுத்து வந்து தன் படுக்கையருகே வைத்துக்கொண்டது.

ஆன்றோ கேம்ப் மெஸ்ஸில் பத்துப் பேர் நடுவில் அதைப் போட்டுக் கேட்க வைத்தான். தான் பார்த்ததையும் இந்தத் தடவை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினான். ஊரில் ஜான் பீட்டரின் நினைவுப் பூசையன்று, அவன் மேல் தப்பில்லை என்று பங்குச்சாமி எல்லோர் முன்னாலும் சொன்னார். குடித்திருப்பான் என்று சொன்னவள் அன்று கோவிலுக்கு வரவில்லையாம்.

வெள்ளிக்கிழமை திருச்சியிலிருந்து அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, அப்பா பேசினது நெஜமா? இல்ல, நீங்க பயமுறுத்தினதால அப்படிச் சொன்னாரா?"

"பயமுறுத்தினேன்" என்றாள் ரெபேக்காள். "சொன்னது நெஜம்."

லைன் அறுந்தது. அந்தப் பிள்ளைமேல் கொஞ்சம் பரிதாபம் வரத்தான் செய்தது. அதற்காக அனுப்பியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, காலை டியூட்டிக்கு அவள் இறங்கி வந்தபோது கட்டடத்துக்குக் கீழே ரவிசங்கர் நின்றிருந்தார். சவரம் பண்ணியிருக்கவில்லை.

"பொண்ணு எங்கிட்ட பேச மாட்டேங்குது சிஸ்டர். போனையே எடுக்கறதில்ல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

"என்னன்னு சொல்ல?"

"மன்னிச்சிட்டேன்னு."

ஆஸ்பத்திரி வேன் வந்து நின்றது. ரெபேக்காள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் மன்னிக்கலியே" என்று சொல்லிவிட்டு ஏறி, அவர் நின்ற பக்கத்து ஜன்னலோரமாகவே போய் உட்கார்ந்தாள்.